எட்டு வரிகளில் ஒரே விவசாயி

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளிவிவர வேலை செய்து கொடுக்கிறேன். வேளாண்மை படிக்கும் ஒரு பெண் தன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்வின் எக்செல் கோப்பை அனுப்பியிருந்தாள். கெடார் பக்கத்து விவசாயிகள் முப்பது பேருக்கு இலவச விதை கொடுத்து, வாரம்தோறும் செடியின் உயரத்தை அளக்கச் சொல்லியிருந்தாள். கோப்பில் ஆளுக்கு ஒரு வரி. எட்டு வார அளவுகளும் பக்கவாட்டில் நீண்டிருந்தன. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் வளர்ச்சியைக் கணக்கிட ஒவ்வொரு வாரமும் தனி வரியாக வேண்டும். ஒரே கட்டளையில் அகலத்தை நீளமாக்கினேன். முப்பது வரி இருநூற்று நாற்பது ஆனது. அனுப்பிவிட்டு இட்லிக்கு மாவரைக்கப் போனேன்.

அவள் அதை அச்சடித்து, எல்லோரும் சரிபார்க்கட்டும் என்று முதல் பக்கத்தை ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தில் நாலு பேர்தான் அடங்கியிருந்தார்கள். ஆளுக்கு எட்டு முறை.

மறுநாள் போன். "அக்கா, ஊரே சண்ட. நீங்களே வந்து சொல்லுங்க."

விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பட்டியலில் முதல் பெயருக்குரியவர் கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? எனக்கு இருக்கறது ஒரே கொல்லை. எட்டு தபா பேரு போட்டிருக்கீங்க. எட்டு பங்கு வெத வாங்கிக்கினேன்னு பேசறானுங்க."

"பின்ன இல்லியா?" என்றார் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கொல்லைக்காரர்.

"ஐயா, ஒண்ணும் கூடலைங்க. அகலமா இருந்தத நீளமா மாத்தினேன், அவ்வளவுதான்" என்றேன்.

"எத மாத்துன? என் கொல்லையவா? யார கேட்டு மாத்துன? கூப்புடு சர்வேயர!" என்று எகிறினார் முதல் பெயர்க்காரர்.

வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்குள் அவர் மனைவி வந்து சுவரருகே நின்று, வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே படித்தார்.

"வாரத்துக்கு ஒரு லைனு. இதுக்கா இவ்ளோ கூச்சல்? ஸ்கேலு வச்சி அளந்தவ நான்தானே."

பத்து நிமிடமாக எனக்கு வராத விளக்கம் அது. கூட்டம் அடங்கியது. அவர் விரல் மட்டும் ஐந்தாவது வரியில் நின்றது. நாலாம் வாரம் பதினாறு சென்டிமீட்டர், ஐந்தாம் வாரம் ஒன்பது.

"அது டைப் பண்றப்ப வந்த தப்பா இருக்கும்மா. திருத்திடறேன்" என்றேன் பெரிய மனதோடு.

"தப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடு மேஞ்சிடுச்சி." பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "அதோ குந்திக்கினு டீ குடிக்கறாரே, அவரு ஆடு."

பக்கத்துக் கொல்லைக்காரருக்குத் திடீரென்று வீட்டில் ஏதோ வேலை நினைவு வந்துவிட்டது.

நான் எண்ணைத் திருத்தவில்லை. குறிப்புக்கென்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அந்த வரியில் 'ஆடு' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க கைடு கேக்கறாரு. ஆடுன்னா எந்தப் புள்ளிவிவரச் சொல்லோட சுருக்கம்?"