வெள்ளையாகவே இருந்த கைக்குட்டை

மெக்கானிக் சேகர் போன் செய்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். "நம்ம ஹபீப் பாய் மௌத்தாயிட்டாரு அக்கா. சாயங்காலம் அடக்கம்" என்றார். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் சாலையில் இருந்த அவருடைய புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், சான்றிதழ் கிடைக்காமல் திட்டிக்கொண்டே திரும்பிய எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் அதிகம் திட்டியவள் நானாகத்தான் இருப்பேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். என் கணவருக்குக் கடலோரத்தில் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பு. பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருந்தோம், ஓட்டுவது நான். எட்டு வயது மகள் கவிதா பின் சீட்டில் ஏறினால் போதும், தலைவலி, வாந்தி, அப்புறம் தூக்கம். மாமல்லபுரம் வருவதற்குள் சுருண்டுவிடுவாள். சில பிள்ளைகளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் கொடுத்து, காற்று வரட்டும் என்று பின் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன்.

பாயிடம் சான்றிதழ் வாங்கப் போன அன்று எனக்கு முன்னால் ஒரு டீசல் டாக்சி நின்றது. கருவியை மாட்டுவதற்கு முன் புகைக்குழாயின் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பது பாயின் வழக்கம். டாக்சிக்காரர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அது கரித்துணியாகிவிட்டது. "இன்னா அண்ணாத்த, வண்டி ஓட்டுறியா, சூளை வெச்சிகினு கீறியா?" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்தது என் கார். புதுக் கைக்குட்டை, வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. "பாத்தியளா பாய்!" என்றேன். அவர் கருவியின் குழலை உள்ளே விட்டார். எண் ஏறிக்கொண்டே போயிற்று. "ஃபெயிலு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "கரியைக் கக்குன டாக்சியும் ஃபெயிலு, எங்க வண்டியும் ஃபெயிலா? கண்ணு தெரியுதா உங்களுக்கு? சர்டிபிகேட் தருவியளா, மாட்டியளா?" என்று ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டிக்கிக் கதவைத் தூக்கி, அதன் ஓரத்து ரப்பரில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் கிழிந்திருந்தது. விரலில் மை மாதிரி, நாள்பட்டுப் படிந்த புகைக்கறை. அப்புறம் பின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி கவிதா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய ஆஃப் பண்ணு தங்கச்சி. மொதல்ல புள்ளய எறக்கு."

இறக்கி, வேப்பமரத்தடியில் படுக்கவைத்தேன். "வண்டில ஏறுனா தலைவலின்னு சொல்லுமே? வாந்தி எடுத்துட்டுத் தூங்கிடுமே?" என்று கேட்டார். அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"டீசல் புகை கண்ணுக்குத் தெரியும், இருமிகினே ஓடிடுவோம். அதுவும் நல்லது இல்ல, மெதுவா நெஞ்சுல படியும். பெட்ரோலு வேற பேஜாரு. இதுல கார்பன் மோனாக்சைடு ஜாஸ்தி. நெறம் கெடையாது, வாடை கெடையாது, துணியில ஒட்டாது. மூச்சுல போனா தலைவலி, வாந்தி, தூக்கம், அப்பால உசுரே பூடும். கிழிஞ்ச ரப்பர் வழியா உள்ள வந்துகினு கீது. பின் ஜன்னல தொறந்தா இன்னும் இழுக்கும்."

அந்த ஜன்னலைத் தினமும் திறந்தது நான். பிள்ளைக்கு நல்லது என்று என் கையாலேயே திறந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் படுத்திருந்த கவிதா எழுந்து, "பசிக்குதும்மா" என்றாள். காரில் வந்த எந்த நாளிலும் அவள் அப்படிக் கேட்டதில்லை. பாயே எதிர்க்கடைக்குப் போய் பன் வாங்கிவந்தார்.

காரைச் சேகரிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். கரும்புகை கக்கும் பஸ், அதிலும் கடைசி சீட்டு. வழி முழுக்க அவள் தொணதொணவென்று பேசிக்கொண்டே வந்தாள். மூன்று டாக்டர்களிடம் காட்டியிருக்கிறோம்; ஒருவருக்கும் தெரியாததைப் புகை பார்க்கிற மனுஷர் ஒரு விரலில் கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ரப்பரை மாற்றி, கார்புரேட்டரைச் சரிசெய்துகொண்டு போய் நன்றி சொன்னேன். "எனக்கு இன்னாத்துக்கு தேங்க்ஸு? மிசினு சொல்லிச்சு" என்றார். "மிசினு பின் சீட்டை எட்டிப் பாக்குமா பாய்?" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கவிதா இப்போது கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், சொந்தக் கார் வைத்திருக்கிறாள். நேற்று பாய் வீட்டுக்கு அவள்தான் எங்களை அழைத்துப் போனாள். முன்னால் என் கணவர், பின்னால் நான். கிளம்பும் முன் அவள் பின்பக்கம் போய் டிக்கியைத் தூக்கி, ரப்பரில் விரலை ஓட்டி, விரலைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் தூக்கத்தில் இருந்தாள். பாய் செய்ததைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக வண்டி எடுக்கும்போதெல்லாம் நான் செய்வதைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். பாயிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு விரல் பழக்கம்தான்.

"சரியா இருக்கும்மா, போலாம்" என்றாள். அவர் பின் சீட்டிலிருந்து இறக்கச் சொன்ன பிள்ளை வண்டியை ஓட்ட, நான் பின் சீட்டில் உட்கார்ந்து அவரைப் பார்க்கப் போனேன்.