திசைகாட்டி முள் ரிஸ்னாவைக் காட்டியது

இன்று விஞ்ஞான பாடத்தில் சட்டக் காந்தம் ஒன்று காணாமல் போனது. அது கிடைக்கும்வரை யாரும் இடைவேளைக்குப் போக முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அருகில் காந்தம் இருந்தால் திசைகாட்டியின் முள் திரும்பும் என்று படித்திருந்தேன். திசைகாட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சோதித்தேன்.

ரிஸ்னாவிடம் முள் திரும்பியது. தரம் ஒன்றிலிருந்து என் பக்கத்தில் இருப்பவள். அவளை இடப்பக்கம் நகரச் சொன்னேன். முள்ளும் நகர்ந்தது.

"வல்லாஹி, நான் எடுக்கல்லடி" என்று சத்தியம் செய்தாள்.

"அப்ப பையக் கொட்டு."

கொட்டினாள். கொப்பிகளும் இடைவேளைக்குச் சாப்பிட வைத்திருந்த பாதிப் பாணும்தான் விழுந்தன.

"பொலிஸ் மேடம், பாணையும் பிச்சுப் பாருங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. திசைகாட்டியை மேலே கொண்டுபோனேன். கழுத்தருகே முள் இன்னும் வேகமாகத் திரும்பியது. ரிஸ்னா அழுதுகொண்டே பர்தாவைப் பிடித்திருந்த பொத்தானைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஊசி துணியைக் கிழிக்கிறது என்று உம்மா வாங்கிக் கொடுத்த காந்தப் பொத்தான்.

காணாமல் போன காந்தம் இரும்பு அலுமாரியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே, காலையில நான்தானே வெச்சேன்" என்றார் டீச்சர்.

பின்னேரம் வீடு திரும்பும் கண்டக்குழி பஸ்ஸில் ரிஸ்னா தன் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். மூன்று மெசேஜ் அனுப்பினேன். வாசித்துவிட்டாள், பதிலில்லை.

ரிஸ்னா, இந்தப் பதிவையும் நீ வாசிக்கிறாய் என்றுதான் என் சந்தேகம். ஏசியாவது ஒரு கொமெண்ட் போடு.