மேடையில் ஏறிய பிரிவிலேஜ்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள்; முன்னால் நின்றவர் செலண்டார் என்ற சிற்றூருக்குப் பக்கத்துத் தோட்டக் கோயிலின் தலைவர் மாரிமுத்து. பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றவனை ஊர் விடுவதில்லை. மேடைக்கு ஆங்கிலம் எழுதச் சொல்லும். அடுத்தவர் வாய்க்குப் பேச்சு எழுதிப் பாடுபட்டவர்களுக்கு இது புரியும்.

மரியாதையான சொல்

கோயில் இருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டம் கைமாறியிருந்தது. புது நிர்வாகம் தோட்டச் சாலையில் கேட் போட்டு, அந்த வழியே போவது பிரிவிலேஜ், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படும் என்று அறிவிப்பும் வைத்திருந்தது. ஆடித் திருவிழாவுக்கு மேனேஜரை அழைத்து, கேட்டை மூட வேண்டாம் என்று கேட்பதாகத் திட்டம்.

“மூன்று தலைமுறையாக நடக்கும் சாலை, இது எங்கள் ரைட்” என்று எழுதினேன். மாரிமுத்து முகம் சுளித்தார்.

“ரைட்டா? மாலை போட்டுக் கூப்பிட்டுச் சண்டையா சார் போடறது? பிரிவிலேஜ்னு போடுங்க லா, அதுல மரியாதை இருக்கு.”

தனிக் கவுண்டர்

அது அறிவிப்பில் இருக்கும் அதே சொல் என்றேன். செயலாளர் சிவநாயகம் யாழ்ப்பாண வழிவந்தவர், அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு பிரிவிலேஜ் போதாது, ‘ரேர் பிரிவிலேஜ்’ வேண்டும் என்றார். அந்தச் சொல்லின் மேல் அவருக்கு அனுபவபூர்வமான மதிப்பு.

“என்ட பேங்க்ல பிரிவிலேஜ் கவுண்டர் தனியா இருக்கு. அங்கயும் காத்திருக்கத்தான் வேணும், ஆனா சோபாவில.”

குமுதாவின் சந்தேகம்

மூன்றாவதாக வந்தவர் குமுதா. பேக்டரி பஸ் அந்தச் சாலை வழியாகத்தான் அவர் வீட்டருகே வரும். கேட் மூடினால் வராது. பிரிவிலேஜ் என்றால் தமிழில் என்ன என்று கேட்டார். சலுகை என்றேன்.

“வேலைக்குப் போறது சலுகையா அங்கிள்? அப்ப எங்க வீட்டுக்காரர் படுத்தே கிடக்காரே, அவருக்கு மட்டும் கொடுக்கலையா?”

தலைவரும் செயலாளரும் சிரித்தார்கள். சொல்லை மட்டும் மாற்றவில்லை.

கைத்தட்டல்

திருவிழாவில் மேனேஜருக்கு ஆளுயர மாலை, பொன்னாடை. மாரிமுத்து நான் எழுதியதோடு நிற்கவில்லை. உங்களை வரவேற்பது பிரிவிலேஜ், உங்கள் சாலையில் நடப்பது ரேர் பிரிவிலேஜ், அதை நீங்கள் கொடுத்தது கிரேட் பிரிவிலேஜ் என்று அடுக்கினார். கேட்டை மூட வேண்டாம் என்ற கடைசி வரியை விட்டுவிட்டார். விருந்தாளியிடம் அதைக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

மேனேஜர் எழுந்தார். சாலை நிர்வாகம் தரும் பிரிவிலேஜ்தான் என்பதைத் தலைவரே இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. குமுதா மட்டும் என்னைப் பார்த்தார். மாரிமுத்து என் காதருகே குனிந்தார்.

“பார்த்தீங்களா சார், மேனேஜரே நம்ம சொல்ல எடுத்துப் பேசிட்டாரு லா!”

தீபாவளிக்கு மறுநாள் கேட்டைப் பூட்டினார்கள். குமுதா இப்போது தோட்டத்தைச் சுற்றி நடந்து, பெரிய சாலையில் பஸ் ஏறுகிறார்.