தாலியைக் கழற்றாமல் மாட்டிய போர்டு

திருச்செங்கோட்டில் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் பேசியாக வேண்டும். என் பெயர் அறிவுச்செல்வி. வாங்குவது, விற்பது, பில் போடுவது, பாக்கி வைத்தவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் என் வேலை. மெஷினைத் திறந்து கை வைப்பது பிரவீனாவின் வேலை. "எஞ்சினியரு வல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்கிற ஆட்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களை மட்டும் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். என் குணம் அப்படி.

பிரவீனா ஓமலூர்ப் பெண். சேலத்தில் டிப்ளமோ படித்தவள். இங்கே சிவக்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருடமே எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சர்வர் என்றால் பெரிய எஞ்சினியர்களைப் பெங்களூரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்த மில்காரர்களும் கல்லூரிக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் கை பட்டு ஒரு போர்டும் கெட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

ஓர் அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே ஒரு சர்வரை நம்பித்தான் ஓடும். அதற்குள் இருக்கிற மதர்போர்டு போய்விட்டால் அலுவலகமே படுத்துவிடும். புதுப் போர்டு மாட்டும் முன் பிரவீனா செய்கிற ஆயத்தங்களைப் பார்த்தால் பொறுமையில்லாதவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். டேட்டாவுக்கு வேறிடத்தில் காப்பி இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டாள், தானே திறந்து பார்ப்பாள். சுவிட்சை அணைப்பதோடு விடமாட்டாள். மின்கம்பிகளை உருவி எடுத்துத் தரையில் போடுவாள். அதற்குப் பிறகும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே மிச்சமிருக்கிற கரண்ட் வடிந்து போர்டில் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு அணைகிறவரை காத்திருப்பாள். பிறகு மோதிரம், வளையல், வாட்ச், கடைசியாகத் தங்கத் தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவாள். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதன் வயரைச் சர்வரின் இரும்புக் கூட்டில் மாட்டிக்கொள்வாள். நம் உடம்பில் நமக்கே தெரியாமல் இருக்கிற மின்சாரம் போர்டில் இறங்கிவிடாமல் இருக்க அந்தப் பட்டை. அதற்கப்புறம்தான் புதுப் போர்டை அதன் பளபளப்பான பையிலிருந்து ஓரத்தைப் பிடித்து வெளியே எடுப்பாள்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கே பகீரென்றது. "தாலியையா கழட்டற?" என்றேன்.

"தொங்கறது எதுவுமே போர்டுக்கு மேல வரக்கூடாதுங்கக்கா. அது யாரு கட்டுனதுன்னு கரண்டுக்குத் தெரியாதுங்க" என்று சிரித்தாள்.

கட்டியவனுக்கும் அது தெரியும். சிவக்குமார் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் மேனேஜர். வருடத்தில் பாதி நாள் ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ இருப்பான். அங்கிருந்து போன் போட்டால் முதல் கேள்வியே, "ஏம்புள்ள, இன்னிக்கி என்னையக் கழட்டி டப்பாவுல போட்டாச்சா?" என்பதுதான். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை செய்வாள். "போட்டாச்சுங்க மாமா. மூடியும் போட்டாச்சுங்க" என்பாள். "உங்க சர்வருக்கும் எனக்கும் ஆகாதாட்ட இருக்குது" என்பான் அவன். கடையே சிரிக்கும். அப்படி ஒரு புருஷன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, எனக்கு வாய்க்கவில்லை.

மாமியார் கண்ணாத்தாளுக்கு மட்டும் இந்தச் சங்கதி தெரியாது. சிவக்குமார் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும் முன்பே புருஷனை இழந்து, எருமை மாடு வைத்துப் பால் ஊற்றி அவனை ஆளாக்கியவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மருமகளின் தாலிக்கு மஞ்சள் வைத்துவிடுவார். சொன்னால் நொந்துபோவார் என்று பிரவீனா சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் ரிக் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பி ஷெட்டில் நின்றன. சிவக்குமாரும் வந்திருந்தான். வண்டியின் உச்சியில் கிரீஸ் வைக்க ஏறியவன் ஈரத்தில் வழுக்கி விழுந்தான். தலையில் அடி. சேலத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த நேரம் நானும் பிரவீனாவும் குமாரபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்தோம். சர்வரைத் திறந்து வைத்திருந்தாள். போன் வந்ததும் அப்படியே எழுந்து ஓடினாள். கல்லூரிக்காரர்கள் காரில் ஏற்றி அனுப்பினார்கள். நான் திறந்து கிடந்ததையெல்லாம் மூடி ஒப்படைத்துவிட்டு, அவளுடைய டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பிரவீனா தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மணிக்கட்டில் அந்தப் பட்டை அப்படியே இருந்தது, வயர் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. கண்ணாத்தாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தார்.

"எங்க அம்மிணி கழுத்துல இருந்தது?"

"கழட்டி வெச்சிருக்கனுங்க அத்தை. வேலைக்குத் தொந்தரவுன்னு..."

"என்ற பையன் மேலிருந்து வுழுவறப்ப நீ தாலியக் கழட்டி வெச்சிருந்தயா?"

சுற்றி நின்ற சொந்தக்காரப் பெண்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறக்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். எல்லோர் கண் முன்னாலும் அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இனி இது உங்கழுத்த விட்டு எறங்காதுன்னு அர்த்தநாரீசுவரர் மேல ஆணையாச் சொல்லு" என்றார் கண்ணாத்தாள். திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "எறங்காதுங்க அத்தை" என்று சத்தியம் செய்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாடிப்படி ஓரமாக அவளை இழுத்துப்போய், "கரண்டுக்குத் தெரியாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தவதான நீ? இதென்ன கூத்து?" என்று சத்தம் போட்டேன்.

"டாக்டருங்க அவங்க கையில ஒண்ணுமில்லங்கறாங்க அக்கா. எங்கையில இது ஒண்ணாச்சும் இருக்கட்டுமுங்க" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்க விடுகிற கொஞ்ச நேரம் போக, மீதி நேரமெல்லாம் அவள் அந்தப் பெண்களின் பார்வையில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் நாமக்கல் பக்கம் குமரகுருவின் கோழித் தீவன மில்லில் இடி விழுந்து சர்வர் போர்டு போய்விட்டது. எடைமேடை ஓடவில்லை, எந்தத் தீவனத்தில் எதை எவ்வளவு கலப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, லாரிகள் வரிசையாக நின்றன. பிரவீனா வரமாட்டாள் என்று போனில் நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "நான் வாரேனுங்கக்கா. சரி பண்ண முடியற ஒண்ணையாவது பண்ணீட்டு வாரேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் மறுக்க முடியவில்லை.

மில்லில் எல்லாம் வழக்கப்படி நடந்தது. டேட்டாவின் காப்பியைத் திறந்து பார்த்தாள். கம்பிகளை உருவினாள். விளக்கு அணையக் காத்திருந்தாள். மோதிரமும் வளையலும் டப்பாவுக்குள் போயின. கை கழுத்துக்குப் போனது, நின்றது.

"கழட்டு. நாந்தான பக்கத்துல இருக்கறேன். உங்க அத்தைக்கு ஆரு சொல்லப் போறாங்க?" என்றேன்.

"அத்தைக்காக இல்லீங்கக்கா. சாமிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

கொடியைக் கைக்குட்டையில் சுற்றி, சுடிதாருக்குள் தள்ளி, ஊக்குக் குத்திக்கொண்டாள். பட்டையைக் கட்டினாள். பழைய போர்டு வெளியே வந்தது. புதுசுக்கான திருகு துளைகளும் கூட்டில் இருக்கிற பித்தளைக் கால்களும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கொஞ்சமும் தடுமாறாமல் புதுப் போர்டை மாட்டித் திருகினாள். பட்டையைக் கழற்றிவிட்டு, சர்வர் மூடியைத் திறந்தே வைத்துக் கரண்ட் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் ஓடின. பழைய போர்டில் ஹார்ட் டிஸ்குகளுக்கு என்ன அமைப்பு இருந்ததோ அதையே இதிலும் வைத்தாள். தேதியைத் திருத்தினாள். குமரகுரு எட்டிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போனார். பிரவீனா முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக உயிர் வந்ததை நான் பார்த்தேன்.

உள்ளே ஒரு விசிறி மட்டும் சுற்றவில்லை. ஏன் என்று பார்க்கக் குனிந்தாள். வழக்கமாகக் குனிகிற மாதிரிதான். ஊக்கு எப்போது விட்டது என்று இருவருமே கவனிக்கவில்லை. கைக்குட்டை நழுவி, கொடி சரிந்து, ஓடிக்கொண்டிருந்த போர்டின் மேல் விழுந்தது. பட்டென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். திரை இருண்டது. கருகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

கழுத்தைச் சுற்றிக் கொடி பட்ட இடம் சிவந்து கோடாக எழும்பியிருந்தது. தண்ணீர் ஊற்றத் தேடி ஓடினேன். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "போர்டு போச்சுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். கரண்டைப் பிடுங்கி, எல்லாவற்றையும் முறைப்படி கழற்றி, செத்துப்போன அந்தப் போர்டையும் ஓரத்தைப் பிடித்தே எடுத்துப் பையில் போட்டாள். குமரகுரு டீயோடு வந்து பார்த்துவிட்டு கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. "அம்மிணி, மில்லு கெடக்குது. நீங்க போயி அவரப் பாருங்க" என்றார்.

காரில் வரும்போது என் பக்கம் திரும்பாமலே, "இது கெட்ட சகுனமுங்களா அக்கா?" என்று கேட்டாள். தான் செய்கிற காரியத்தின் காரணம் தெரிந்து செய்கிறவள் அவள். அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருமென்று நான் நினைத்ததே இல்லை. "இல்ல கண்ணு, கொடி கரண்டுல பட்டுருச்சு, அவ்வளவுதான்" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு உறவினர் எங்களுக்காக ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார். டாக்டர்கள் கூப்பிடுவதாகச் சொன்னார்.

சிவக்குமார் அந்த வாரமே போய்விட்டான்.

காரியத்தன்று நான் சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். தாலி வாங்குகிற சடங்குக்காக வந்த பெண்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். உள்ளே கண்ணாத்தாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரவீனா. முந்தானை விலகியபோது கண்ணாத்தாள் அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன சாமி கழுத்துல?"

அவளை முந்திக்கொண்டு நான் சொன்னேன். "நீங்க வாங்குன சத்தியமுங்க. கழட்டாமயே வேலை செஞ்சா. கரண்டு சுட்டுருச்சு, போர்டும் எரிஞ்சு போச்சு" என்று ஒன்று விடாமல் கொட்டினேன்.

கண்ணாத்தாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காயத்தைத் தொடாமல் அதன் ஓரமாகவே விரலைக் கொண்டுபோனார்.

"அப்ப நீ கழட்டவே இல்லியா?"

"இல்லீங்க அத்தை."

"தலைக்குத் தண்ணி வாத்துக்கறப்பக்கூட?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏஞ்சாமி அவன் போனான்?"

பழி சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டிக் கேட்டார். யாராவது ஒரு காரணம் சொல்லிவிட மாட்டார்களா என்று மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை.

"தெரியலீங்க அத்தை" என்றாள் பிரவீனா. அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

நேரமாகிறது என்று பந்தலில் இருந்த பெண்கள் உள்ளே வந்தார்கள். கண்ணாத்தாள் இரண்டு கைகளாலும் மருமகளின் கழுத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். யார் சொல்லியும் அவர் கையை எடுக்கவில்லை.