திரும்பிய நேரம்: தெரியாது

போர்ட் பிளேயரில், ஜங்லிகாட் பக்கம் ஒரு மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் பிரவீனா பதினோரு வருடமாகக் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். தீவுகளின் மீனவர் சங்கங்களுக்கு அவர்கள் ஒரு படகுப் பதிவேடு செய்து கொடுத்திருந்தார்கள். எந்தப் படகு எத்தனை பேரோடு எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குக் கரை திரும்பியது என்று சங்கத்து எழுத்தர் கணினியில் பதிய வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு, திரும்பாத படகுகளின் பட்டியல் தானாக அச்சாகி வரும். அதை வைத்துத்தான் தேடப் போவார்கள்.

அந்தக் கணினி நிரலை எழுதியவன் ஸ்ரீதர். நிறுவனமும் அவனுடையதுதான். பிரவீனாவைவிட ஐந்து வயது இளையவன். குடும்பம் மதுரைப் பக்கம், பிறந்தது இங்கே. இந்தியிலும் வங்காளத்திலும் கையேடு எழுத தீபாலி இருந்தாள். தமிழ் பிரவீனாவின் பொறுப்பு.

2022 அக்டோபரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மாயாபந்தர் சங்கத்து எழுத்தர் அழகர்சாமி கூப்பிட்டார். அவர் குரலே சரியாக இல்லை.

"மேடம், ஒரு மீன்புடி போட்டு ரெண்டு நாளா வரல. மூணு பேரு. இப்பத்தான் ஒரு கார்கோ போட்டுக்காரங்க பாத்து, கட்டி இழுத்துட்டு வந்தாங்க. உசுரோட இருக்காங்க. ஆனா நம்ம லிஸ்ட்ல அந்தப் போட்டு வரவே இல்ல, மேடம்."

"ஏன் வரல? திரும்பிய நேரத்துல என்ன போட்டீங்க?"

"முட்டைதான் போட்டேன்."

"பூஜ்யமா? ஏன் சார்?"

"நீங்க எழுதினதப் பாத்துத்தான். போட்டு வரலன்னா என்ன போடணும்னு, ஒரு பக்கத்துல வெறுமையா விடவும்னு இருக்கு. ஒரு பக்கத்துல வெற்றுன்னு இருக்கு. இன்னொரு எடத்துல இன்மைனு இருக்கு. எது சரின்னு எனக்கு மாலும் ஆகல. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல படம் இருக்குல்ல, அதப் பாத்து அப்படியே போட்டேன். ஜெரால்டுனு ஒருத்தர் பேரு. பக்கத்துல திரும்பிய நேரம், முட்டை."

பிரவீனா கையேட்டை எடுத்துப் புரட்டினாள். படம் இருந்தது. பதிவேட்டின் மாதிரித் திரை அது; அதற்காகப் படகுக்காரர்களாக ஆறு பெயர்களை அவளே தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். ஐந்து பெயர்களைத் தட்டியது ஞாபகம் இருந்தது. ஆறாவதைத் தட்டிய ஞாபகம் துளிகூட இல்லை. ஜெரால்ட். திரும்பிய நேரம்: 0.

ஜெரால்ட் அவளுடைய அண்ணன்.

அப்பா மணப்பாட்டிலிருந்து வந்த தச்சர். போர்ட் பிளேயர் ஷாதிபூரில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டைக் கட்டி, அதில் குடும்பத்தை வைத்துவிட்டுச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். ஜெரால்டுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜெனரேட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, கார் நிக்கோபார் தீவில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குப் போனான். 2004இல் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் போன் செய்தான். லைன் கரகரத்தது. "கேக்குதா? பிரவீ, கேக்குதா?" என்றான். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை கடல் ஏறி வந்தது.

அன்றிலிருந்து, எதிர்முனையில் யாரும் பேசாவிட்டாலும் போனைப் பிரவீனா தானாக வைத்ததில்லை. அந்தப் பக்கம் வைக்கட்டும் என்று காதில் பிடித்தபடி நிற்பாள்.

அடுத்து வந்த ஜனவரியில், கார் நிக்கோபாரிலிருந்து தப்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூட முகாமில் தட்டச்சு செய்ய ஆள் தேடினார்கள். பிரவீனா கணினி வகுப்பு முடித்திருந்தாள். போனாள். காணாமற்போனவர்களின் பெயர், வயது, ஊர். கடைசிப் பெட்டியில் 'திரும்பினாரா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. எதையும் காலியாக விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முந்நூறு பெயருக்கு மேல் அடித்தாள். அண்ணன் பெயர் வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, 0 போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அமுதம் கேட்டாள். "அண்ணன் பேருக்கு நேரா என்னட்டி எழுதுன?"

"பூஜ்யம்மா. வேற எதுவும் போட முடியாது."

"அவன் இல்லன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியா?"

அதற்குப் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பிரவீனா பலமுறை நினைத்ததுண்டு.

இப்போது கையேட்டில் அதே பெயர், அதே பூஜ்யம். நிரல் அந்தப் பூஜ்யத்தை நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று எடுத்துக்கொண்டிருந்தது. படகு பன்னிரண்டு மணிக்குக் கரை சேர்ந்துவிட்டதாக எழுதி, பட்டியலிலிருந்து தானாகவே விலக்கிவிட்டது.

"நீங்க போகணும்னு இல்லக்கா. நான் பேசிக்கிறேன்" என்றான் ஸ்ரீதர். பிரவீனா மறுநாள் மாயாபந்தர் பஸ்ஸில் ஏறினாள்.

படகுக்காரர் பெயர் மிக்கேல். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உதடு வெடித்து, முகத்தில் தோல் உரிந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழகர்சாமி தலையைத் தொங்கப்போட்டபடி ஓரமாக நின்றார். அந்தக் கையேட்டை எழுதியவள் தான்தான் என்று பிரவீனா சொன்னாள். மிக்கேலுக்குக் கோபம் வரவில்லை.

"எஞ்சின் நின்னுபோச்சு. போன் நனைஞ்சுபோச்சு. சரி, சாயங்காலம் லிஸ்ட் போகும், காலைல தேடி வந்துருவாங்கன்னு பயலுவகிட்ட நான்தான் சொன்னேன்" என்றார். "இங்க எம் பொஞ்சாதி, இவரு இல்லாத நேரம் ஆபீஸ்ல போய்க் கேட்டிருக்கா. போட்டு வந்துட்டுன்னு ஸ்கிரீன்ல இருக்கு, வேற ஜெட்டித் துறைல கட்டியிருப்பாங்க, போம்மான்னு அனுப்பிட்டாங்க. அவ வந்து சோறாக்கி வச்சிருக்கா."

உள்ளே அவர் மனைவி பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. வெளியே வரவில்லை.

"ரெண்டாம் நாளு பகல்ல ஒரு போட்டுகூடக் கண்ணுல படல. பயம்கூட இல்லம்மா. வெயிலு ஏற ஏற ஒரே ஒரு கேள்விதான். ஏன் யாருமே வரல? நாம போனதே கரைல யாருக்கும் தெரியாதோ? நாம செத்துப்போயி அது நமக்குத்தான் தெரியலியோன்னு இந்தப் பயலுவள்ல ஒருத்தன் கேக்கான். நீங்க சொல்லுங்க. ஏன் யாருமே வரல?"

அழகர்சாமிதான், "தப்பு என் மேலதாண்ணே" என்றார்.

திரும்பும் வழியில் பாராடாங் துறையில், அக்கரைக்குக் கொண்டுபோகும் படகுக்காகப் பஸ் காத்து நின்றது. நல்ல மத்தியானம், சுற்றிலும் ஆட்கள், சமோசா விற்கிறவர், வங்காளத்தில் சண்டை போடும் இரண்டு பெண்கள். அந்த இரைச்சலுக்குள் அவள் காதருகே அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. ஏன் யாருமே வரல, பிரவீ? மிக்கேலின் கேள்வி, ஜெரால்டின் குரல். மனப்பிரமை என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் திரும்பிப் பார்த்தாள். பின் இருக்கையில் யாரோ வைத்துவிட்டுப் போன ஈரக் குடை மட்டும் இருந்தது.

அடுத்த பத்து நாளும் அந்தக் குரல் விடவில்லை. குழாயைத் திறந்தால் கேட்கும். மிக்ஸி நின்ற மறுகணம் கேட்கும். கணினியில் 0 என்ற விசையைத் தொடவேண்டி வந்தால் கை நின்றுவிடும். அவள் ஏழு பக்கங்களை எண்களே இல்லாமல் திருத்திவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு தீபாலி, "தபியத் டீக் ஹே நா? உடம்பு சரிதானே?" என்று கேட்டாள்.

சொற்களை முடிவு செய்ய மூவரும் உட்கார்ந்தார்கள். மேசையில் தேநீர், சுவரில் வெள்ளைப் பலகை, அதில் இதுவரை போட்ட சொற்கள். முதலில் நிரலில் பூஜ்யத்தை ஏற்காதபடி ஸ்ரீதர் அடைத்துவிட்டான். மிச்சம் இருந்தது மொழி. ஒரு பெட்டியில் எந்த மதிப்பும் இல்லாத நிலைக்குக் கையேடு நெடுக ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். பூஜ்யத்துக்கும் அதற்கும் குழப்பம் வரவே கூடாது.

"கலைச்சொல் பட்டியல்ல இன்மைன்னு இருக்குக்கா. அழகான சொல்லு. அதையே வச்சிரலாம்" என்றான் ஸ்ரீதர்.

"இன்மைன்னா இல்லைன்னு அர்த்தம். அந்தப் படகு இல்லாம போகல ஸ்ரீதர்."

"அப்போ சூன்யம்?"

"சூனியம் வச்ச பெட்டின்னு சங்கத்துல கிட்டயே வர மாட்டாங்க."

ஸ்ரீதர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"இந்தில நான் காலின்னு போட்டேன்" என்றாள் தீபாலி, தன் உடைந்த தமிழில். "காலின்னா டப்பா காலி. ஆனா அது மாலும் நஹின்னு தானே?"

பிரவீனா எழுந்து பலகையில் 'தெரியாது' என்று எழுதினாள்.

"அது கலைச்சொல் மாதிரியே இல்லியேக்கா" என்றான் ஸ்ரீதர். "பேச்சு மாதிரி இருக்கு. பெரிய ஆபீஸ்ல பாத்தா என்ன நினைப்பாங்க?"

அவள் அழகர்சாமியைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"சார், திரும்பிய நேரம்னு இருக்கு. பக்கத்துல இன்மைன்னு இருக்கு. என்ன செய்வீங்க?"

"இல்லைதானே, மேடம்? பக்கத்த மூடிட்டு வீட்டுக்குப் போவேன்."

"திரும்பிய நேரம், தெரியாதுன்னு இருந்தா?"

"தெரியாதுன்னா யார்கிட்டயாவது கேக்கணுமே மேடம். ஜெட்டில போய்ப் பாக்கணும்."

பலகையில் இருந்த மற்றச் சொற்களை எழுந்துபோய் ஸ்ரீதரே அழித்தான். கையேடு முழுக்கத் தேடி முப்பத்துநான்கு இடங்களில் மாற்றினார்கள். இந்தியில் 'மாலும் நஹி' என்றே போட்டார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்துப் படத்தை மட்டும் பிரவீனா தொடவில்லை. தீபாலியே வேறு பெயர்கள் போட்டுப் புதிதாக எடுத்தாள். பழைய படம் எப்படி வந்தது என்று இருவருமே அவளைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வானொலியில் கப்பல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தாள். கார் நிக்கோபார் கப்பல் எப்போது புறப்படும், எப்போது வந்து சேரும் என்று அறிவிப்பது அவளுக்கு ஒருநாளும் தவறக் கூடாது. பிரவீனா பக்கத்தில் உட்கார்ந்து, மாயாபந்தரில் நடந்ததையும் சொல் மாறியதையும் சொன்னாள். படத்தில் இருந்த பெயரையும் மறைக்கவில்லை.

அம்மா வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். "அன்னைக்கு முகாம்ல அந்தச் சொல்லு ஒனக்குத் தோணலியா?"

"தோணுச்சும்மா. பெட்டில அதுக்கு எடமில்ல."

அம்மா வானொலியையே நிறுத்தினாள். பிறகு, "அப்போ நீயும் எழுத மனசில்லாமத்தான் எழுதியிருக்க" என்றாள். "எங்கிட்ட ஏண்டி இத்தன வருசமா சொல்லல?"

இருவரும் அழவில்லை. அம்மா எழுந்து போய் முருங்கைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். அண்ணன் சின்ன வயதில் முருங்கைக்காயை மென்று கீழே துப்புவான் என்று அங்கிருந்தே சொன்னாள். வீட்டில் அவன் பேச்சை அம்மா எடுத்தது பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

குரல் அதோடு நின்றுவிடவில்லை. குறைந்தது. சில வாரம் வராது. பிறகு ஒருநாள் மார்க்கெட்டில், மீன் வெட்டுகிற இடத்தில் வரும். பிரவீனா இப்போதெல்லாம் அதற்கு வாய்க்குள்ளேயே 'தெரியாது' என்று பதில் சொல்லிக்கொண்டாள்.

புதிய கையேடு போய்ச் சேர்ந்து நான்கு மாதம் கழித்து, ஒருநாள் இரவு எட்டு மணிக்கு அழகர்சாமி கூப்பிட்டார். இரண்டு பேர் போன ஒரு டிங்கிப் படகின் பெயருக்கு நேரே 'தெரியாது' என்று வந்ததாம். ஜெட்டிக்குப் போயிருக்கிறார். அங்கே இல்லை. இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு அடுத்த துறைக்கு வண்டி ஓட்டியிருக்கிறார்.

"கெடச்சுட்டாங்க மேடம். வலைய ஒலத்திட்டு ஒக்காந்திருந்தாங்க. ஆறு பத்துக்கே வந்துட்டாங்களாம், போய் நேரத்தப் போட்டுடுறேன்."

"நீங்களே கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பேசினாங்களா, சார்?"

"பேசினாங்களாவா?" என்றார் அழகர்சாமி. "எங்களயே சந்தேகப்பட்டு வந்தியான்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க மேடம்."

பின்னால் அந்த இருவரும் இன்னும் கத்திக்கொண்டிருப்பது போனில் கேட்டது. போனை வைத்துவிடட்டுமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள் என்றாள் பிரவீனா.