கூடையைக் கழித்த கணக்கு

யோகேஸ்வரியின் தம்பி அழைத்தபோது அப்புத்தளை நிலையத்தில் பதுளை ரயிலுக்காக நின்றிருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்க, சேர்" என்றார். நோயில் கிடந்த அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடக் கிளம்பியவன், சொல்லாமலே சாவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், நம் பௌதிகவியல் துறையில் பதினோரு ஆண்டுகள் அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் மிக நுண்ணிய குறைகடத்தித் துணுக்குகளைத் தேன்கூடு போல அடுக்கினால், அவற்றினூடே இலத்திரன்கள் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிடுவோம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே அளவாக இருந்தால் இலத்திரன் தடையின்றி ஓடும். ஒன்று சற்றுப் பெரிதானாலும் ஆற்றலில் ஓர் இடைவெளி விழும். சமமான புள்ளிகளிலும் அது விழுந்தால்தான் புதுச் செய்தி.

அவர் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடையைக் கழிப்பதை அம்மாவோடு நின்று பார்த்தவர். எந்த முடிவைக் காட்டினாலும், "கூடையக் கழிச்சாச்சா?" என்பார். நாமே உள்ளே வைத்தது விடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அர்த்தம். தேநீர் வந்தால்கூட அதையே கேட்டு அவரைக் கேலி செய்வோம்.

ஒருநாள், புள்ளிகள் எல்லாம் சமம் என்று நினைத்துப் போட்ட என் கணக்கில் இடைவெளி விழுந்தது. அவர் கேட்டார். "கழிச்சாச்சுங்க, மிஸ்" என்றேன். உண்மையில் நான் பார்க்கவே இல்லை. முந்திய சோதனைக்காகப் பெரிதாக்கிய புள்ளியின் எண் அப்படியே கிடந்தது. அதை வைத்து இருவரும் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏற்கப்பட்டது. அவர் விண்ணப்பித்திருந்த பேராசிரியர் பதவி அதை நம்பியிருந்தது.

அச்சேறுமுன் அவரே மறுபடி கணக்கிட்டார். புள்ளிகளைச் சமமாக்கியதும் இடைவெளி மறைந்துபோனது. "இது இலத்திரன் சொன்னது இல்லீங்க. நாம சொல்லிக் குடுத்தது" என்றார். நேர்முகம் முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். சரிபார்க்கத் தவறிய பிழை தன்னுடையதே என்று ஆய்விதழுக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதினார்.

பதவி கிடைக்கவில்லை. அவர் கவனக்குறைவானவர் என்று உங்களில் சிலர் பேசினீர்கள். நானும் அங்கேதான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு கணக்கையும் முதல் எண்ணிலிருந்து மறுபடி பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கேள்விதான். அதற்குரிய பதிலை எல்லோர் முன்னிலையிலும் இன்று சொல்கிறேன்.

கழிக்கலைங்க, மிஸ்.