அப்பாவின் பெயர் எழுதிய பாட்டில்

"டப்பால உங்க பேர எழுதிருங்க," என்று ஆய்வகத்துப் பெண் சிறிய பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். எனக்கும் சர்க்கரை இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்க வேண்டுமாம். பேனாவை வாங்கியவள் எழுதாமல் நின்றேன்.

எனக்குப் பத்து வயதில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் தோட்டமெங்கும் பலா பழுத்துக் கிடந்தது. அப்பா பார்த்து ஏங்கக் கூடாதென்று அம்மா ஒரு பழத்தைக்கூட வீட்டில் அறுக்கவில்லை. எனக்கு வாசனை மட்டும்தான் மிச்சம்.

மாதம் ஒருமுறை அப்பாவின் சிறுநீரைப் பழைய இருமல் மருந்து பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, அம்மா பஸ்ஸில் அடிவாரத்துப் பேளுக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். ஒரு நாள் அவள் தலை சீவும் நேரத்தில் பாட்டிலைக் காப்பிச் செடியடியில் கவிழ்த்துவிட்டு, என்னுடையதைப் பிடித்து வைத்தேன்.

சாயங்காலம் அம்மா சிரித்துக்கொண்டே பஸ்ஸைவிட்டு இறங்கினாள். "சக்கரையே இல்லையாம் சாமி! மாத்திரையக்கூடக் கொறச்சுட்டாங்க."

அன்றே பலா அறுத்து, முதல் சுளையை அப்பாவுக்கு ஊட்டினாள். நான் வயிறு முட்டத் தின்றேன். பருவம் முடியும்வரை மாதாமாதம் பாட்டிலை மாற்றினேன்.

மழைக்காலத்தில் அப்பாவின் கால் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "என் கையால ஊட்டி உட்டேனே கண்ணு," என்று அம்மா சாகும்வரை என்னிடம்தான் அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேனே தவிர, நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, இன்னும் பேர் எழுதலீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

எழுதினேன். என்னுடையதன் மேல் என் பெயரை எழுதுவது இதுதான் முதல் தடவை.